நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்களின் தலையாய போட்டியான ஐரோப்பியக் கோப்பையை ஒருமுறைக்கு மேல் வென்ற கழகங்களின் பட்டியலை முதன்முறையாகப் படிப்பவர்கள், ரியல் மாட்ரிட், மிலான், லிவர்பூல் என்ற பெயர்களுக்கு நடுவே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற பெயரைக் கண்டதும் சற்றுத் தயங்குவதுண்டு. சில லட்சம் மக்கள் மட்டுமே வாழும் ஓர் இங்கிலாந்து நகரத்தின் கழகம் அங்கே எப்படிச் சென்றது, சென்ற பின் எங்கே காணாமல் போனது என்ற கேள்விகள் அந்தத் தயக்கத்திலிருந்தே பிறக்கின்றன. இக்கழகத்தைப் புதிதாகப் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

பெயரில் வரும் காடு எது? கழகம் எப்போது தோன்றியது?

ராபின் ஹூட் கதைகளில் வரும் ஷெர்வுட் காட்டின் தெற்கு விளிம்பாக ஒரு காலத்தில் இருந்த பகுதி, நாட்டிங்ஹாம் நகரின் வடக்கே இன்று திறந்த பொதுத்திடலாக உள்ளது. அதை ஊரார் 'ஃபாரஸ்ட்' என்றே அழைக்கின்றனர். வளைந்த கோலால் பந்தை அடித்து விளையாடும் ஷின்டி என்னும் ஆட்டத்தை அத்திடலில் ஆடிவந்த இளைஞர் சிலர், 1865இல் ஷேக்ஸ்பியர் தெருவிலிருந்த கிளின்டன் ஆர்ம்ஸ் என்ற விடுதியில் கூடி, இனிமேல் கால்பந்து ஆடுவது என்று முடிவுசெய்தனர். திடலின் பெயரே கழகத்தின் பெயரானது.

1898 முதல் கழகத்தின் இல்லம் டிரென்ட் ஆற்றின் தென்கரையிலுள்ள சிட்டி கிரவுண்ட். அதற்கு முந்தைய ஆண்டுதான் நாட்டிங்ஹாமுக்கு மாநகரத் தகுதி கிடைத்திருந்தது. அந்தப் பெருமிதத்தில் வைக்கப்பட்ட பெயர் அது என்றாலும், மைதானம் அமைந்துள்ள வெஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்டு மாநகர எல்லைக்கு வெளியே உள்ளது. இந்திய அணி பலமுறை டெஸ்ட் ஆடிய டிரென்ட் பிரிட்ஜ் கிரிக்கெட் மைதானம் அங்கிருந்து சில நிமிட நடைதூரம்தான்.

சிவப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

இத்தாலியின் ஒருங்கிணைப்புக்காகப் போரிட்ட கரிபால்டியின் படையினர் செஞ்சட்டை அணிந்தவர்கள். அவருக்கு அன்றைய இங்கிலாந்தில் பெரும் மதிப்பு இருந்தது. கழகத்தைத் தொடங்கியவர்கள் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பிகள் 12ஐ வாங்கத் தீர்மானித்தது அந்த மதிப்பினால்தான். சட்டையும் அந்த நிறத்துக்கு வந்தது. ஆதரவாளர்கள் இன்றும் அதைக் 'கரிபால்டி' என்றே சொல்கின்றனர்.

ஆர்சனல் அணி சிவப்பு அணிவதற்கும் ஃபாரஸ்ட்தான் காரணம். ஃபிரெட் பியர்ஸ்லி உள்ளிட்ட முன்னாள் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர்கள் சிலர் லண்டனின் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, 1886இல் அங்கே புதிய அணி தொடங்கியபோது, கையில் பணமில்லாத அந்த அணிக்கு நாட்டிங்ஹாமிலிருந்து சிவப்புச் சட்டைகளும் ஒரு பந்தும் அனுப்பப்பட்டன. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே அணியும் பாதுகாப்புப் பட்டையும் ஃபாரஸ்டின் கொடைதான். சாம் வெல்லர் விடோசன் என்ற ஆட்டக்காரர் 1874இல் கிரிக்கெட் பேடுகளை வெட்டிச் சிறிதாக்கிக் காலுறைக்கு மேல் கட்டிக்கொண்டார்.

ஆற்றின் மறுகரையில் இருக்கும் நாட்ஸ் கவுண்டிதான் பரம எதிரியா?

இல்லை. 1862இல் தோன்றிய நாட்ஸ் கவுண்டி உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கால்பந்துக் கழகம் என்ற சிறப்புக்குரியது. அதன் மெடோ லேன் மைதானத்துக்கும் சிட்டி கிரவுண்டுக்கும் நடுவே ஆறும் சிறிது நிலமுமே உள்ளன. ஆயினும் இரண்டும் நீண்ட காலமாக வெவ்வேறு பிரிவுகளில் ஆடுவதால் பகை தணிந்துவிட்டது. உண்மையான பகை, மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டார்பி கவுண்டியுடன்தான். அது கூர்மையடைந்ததற்குக் காரணம், இரு நகரங்களும் தம்முடையவர் என்று உரிமை கொண்டாடும் ஒரே மனிதர்: இரு கழகங்களுக்கும் மேலாளராக இருந்த பிரையன் கிளஃப். இரண்டையும் இணைக்கும் ஏ52 நெடுஞ்சாலைக்கே அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

கிளஃப் வருவதற்கு முன் ஃபாரஸ்ட் எப்படி இருந்தது?

மரியாதைக்குரிய, பெரிதாகப் பேசப்படாத கழகமாக இருந்தது. 1892இல், பல பிரிவுகளாக ஆடப்படும் இங்கிலாந்து லீக்கில் சேர்ந்தது. 1898இல் டார்பியை 3-1 என வென்று, தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பையைப் பெற்றது. அடுத்த எஃப்.ஏ. கோப்பைக்கு 61 ஆண்டுகள் காத்திருந்தது. அந்த 1959 இறுதியாட்டத்தை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். லூட்டன் டவுனுக்கு எதிராக முதல் கோலை அடித்த ராய் டுவைட் அரைமணி நேரம் கழிந்த நிலையில் கால் எலும்பு முறிந்து தூக்கிச் செல்லப்பட்டார். மாற்று வீரரை இறக்கும் விதி அப்போது இல்லாததால், மீதமிருந்த ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையும் பத்துப் பேரோடு ஆடி 2-1 என்ற கணக்கைக் காத்து வென்றனர்.

1967இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்ற அணி, 1972இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1975 ஜனவரி 6 அன்று பிரையன் கிளஃப் மேலாளராகப் பொறுப்பேற்றபோது அது இரண்டாம் பிரிவில் 13ஆவது இடத்தில் இருந்தது.

பிரையன் கிளஃப் அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் வந்தார்?

வேறிடம் எளிதில் கிடைக்கும் நிலையில் அவர் இல்லை. டார்பியை இரண்டாம் பிரிவிலிருந்து தூக்கி 1972இல் லீக் பட்டம் வெல்ல வைத்தவர் அவர். எனினும் இயக்குநர்களோடு மோதி வெளியேறினார்; 1974இல் லீட்ஸ் யுனைடெட்டில் 44 நாள்களிலேயே நீக்கப்பட்டார். கருத்தை மறைக்கத் தெரியாத, தொலைக்காட்சியில் எவரையும் விட்டுவைக்காத அம்மனிதரை வேலைக்கு வைக்கப் பெரிய கழகங்கள் அஞ்சின. ஃபாரஸ்டுக்கோ இழப்பதற்கு அதிகம் இருக்கவில்லை.

முதல் ஒன்றரை ஆண்டு பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மாற்றம் வந்தது 1976 ஜூலையில், பீட்டர் டெய்லர் வந்து சேர்ந்தபோது.

பீட்டர் டெய்லர் வெறும் துணை மேலாளர்தானே? அவருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இக்கழகத்தின் வரலாற்றில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட மனிதர் டெய்லர் என்பதே என் உறுதியான கருத்து. மிடில்ஸ்பரோவில் ஆட்டக்காரர்களாக இருந்தபோது தொடங்கிய நட்பு அவர்களுடையது. கிளஃப் ஆட்டக்காரரை ஆட வைத்தார். அந்த ஆட்டக்காரரைக் கண்டறிந்தவர் டெய்லர். அவருடைய கண்ணுக்கு இருந்த ஆற்றலை மூன்று பேரைக் கொண்டு காட்டலாம்.

ஜான் ராபர்ட்சன் 1970 முதல் ஃபாரஸ்டில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர். உடல் பருத்து, சிகரெட் புகைத்துக்கொண்டு, விற்பனைக்குரியோர் பட்டியலில் கிடந்த நடுகள ஆட்டக்காரர். வேகம் என்பதே அவரிடம் இல்லை. ஆனால் இரு கால்களாலும் பந்தை நினைத்த இடத்தில் வைக்க அவரால் முடியும். அவரை இடப்பக்க ஓரத்தில் நிறுத்தி, பந்து கிடைக்கும்போதெல்லாம் அவரிடமே கொடுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னார்கள். 1976 டிசம்பர் முதல் 1980 டிசம்பர் வரை 243 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

கென்னி பர்ன்ஸ் பர்மிங்ஹாம் சிட்டியின் முன்கள ஆட்டக்காரர். முரடர், சூதாடி என்று பெயரெடுத்தவர். டெய்லர் அவரை நாய்ப் பந்தயத் திடல்வரை பின்தொடர்ந்து சென்று நடத்தையைக் கவனித்த பிறகே வாங்கச் சம்மதித்தார் என்பது அணியினர் பலமுறை சொன்ன செய்தி. கோலடிக்க வந்தவரைத் தற்காப்பின் நடுவே நிறுத்தினர். முதல் பருவத்தின் முடிவிலேயே கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தனர்.

கேரி பர்ட்டில்ஸ் லாங் ஈட்டன் யுனைடெட் என்ற உள்ளூர்ச் சிற்றணியில் ஆடிக்கொண்டிருந்தவர். 2,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டார். 1980இல் மான்செஸ்டர் யுனைடெட் அவருக்குக் கொடுத்த விலை 12 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.

முதல் பிரிவுக்குத் தரம் உயர்ந்த முதல் பருவத்திலேயே லீக் பட்டம் வென்றது எப்படி?

1977இல் ஃபாரஸ்ட் இரண்டாம் பிரிவில் மூன்றாமிடம் பெற்று, நூலிழையில்தான் மேலே வந்தது. அந்தக் கோடையில் பர்ன்சும், செப்டம்பரில் ஸ்டோக் சிட்டியிலிருந்து கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனும் சேர்ந்தனர். கோல்கீப்பருக்கு இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுப்பது வீண் என்று அன்று பலர் கருதினர். ஷில்டனை வைத்துத் தடுக்கும் புள்ளிகளைக் கணக்கிட்டால் விலை மலிவு என்பது டெய்லரின் வாதம். அப்பருவத்தின் 42 லீக் ஆட்டங்களில் எதிரணிகளால் 24 கோல்களே அடிக்க முடிந்தது.

1978 ஏப்ரல் 22 அன்று கோவென்ட்ரியில் கோலின்றி முடிந்த ஆட்டத்தில் பட்டம் உறுதியானது. வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே கொடுக்கப்பட்ட அக்காலத்தில், இரண்டாமிடம் பெற்ற லிவர்பூலைவிட ஃபாரஸ்ட் 7 புள்ளிகள் அதிகம் பெற்றது. அதே பருவத்தில், லீக்கிலிருந்து தனியாக நடக்கும் லீக் கோப்பைப் போட்டியின் இறுதியாட்டத்திலும் லிவர்பூலையே மறு ஆட்டத்தில் ராபர்ட்சனின் பெனால்டியால் வென்றது. ஷில்டன் ஏற்கெனவே ஸ்டோக்குக்காக அப்போட்டியில் ஆடியிருந்ததால், அதில் கோலைக் காத்தவர் 18 வயது கிறிஸ் வுட்ஸ். தரம் உயர்ந்த கையோடு முதல் பிரிவுப் பட்டத்தை வென்ற கழகம் அதற்குப் பிறகு இங்கிலாந்தில் தோன்றவில்லை.

1977 நவம்பரில் தொடங்கி 1978 டிசம்பர்வரை தொடர்ந்து 42 லீக் ஆட்டங்களில் அவ்வணி தோற்கவே இல்லை. அந்தச் சாதனையை 2004இல் முறியடித்தது, முன்பு சிவப்புச் சட்டை வாங்கிச் சென்ற அதே ஆர்சனல்.

1979 ஐரோப்பியக் கோப்பையில் என்ன நடந்தது?

அன்றைய ஐரோப்பியக் கோப்பை இன்றைய சாம்பியன்ஸ் லீக்கைப் போன்றதன்று. ஒவ்வொரு நாட்டின் பட்டம் வென்ற கழகமும் முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற கழகமும் மட்டுமே ஆடலாம். குழு ஆட்டங்கள் கிடையாது. உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் தோற்றால் அத்தோடு வெளியேற வேண்டியதுதான்.

முதல் சுற்றுக்குச் சீட்டெடுத்தபோது ஃபாரஸ்டுக்கு வந்தது, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அக்கோப்பையை வைத்திருந்த லிவர்பூல். சிட்டி கிரவுண்டில் பர்ட்டில்சும் காலின் பாரெட்டும் அடித்த கோல்களால் 2-0 என வென்று, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 0-0 எனத் தாக்குப்பிடித்தனர். பின்னர் ஏதென்சின் ஏ.இ.கே. அணியையும் சூரிச்சின் கிராஸ்ஹாப்பர் அணியையும் கடந்தனர். அரையிறுதியில் ஜெர்மனியின் கொலோன் அணி நாட்டிங்ஹாமின் சேற்றில் இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள் அடித்துவிட்டது. ஃபாரஸ்ட் மீண்டெழுந்து 3-2 என முன்னேற, மாற்று வீரராக வந்த ஜப்பானியர் யசுஹிகோ ஒகுதேரா 3-3 எனச் சமன் செய்தார். மொத்தக் கணக்கு சமமானால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணியே முன்னேறும்; வெளியூர்க் கோல்கள் மூன்றைக் கையில் வைத்திருந்த கொலோன் தன் ஊரில் எளிதில் வெல்லும் என்றே எல்லோரும் எண்ணினர். அங்கே கார்னர் பந்தைத் தொடர்ந்து இயன் போயர் குனிந்து தலையால் முட்டிய ஒரே கோல் ஆட்டத்தை முடித்துவைத்தது.

இறுதியாட்டம் 1979 மே 30 அன்று மியூனிக்கில், சுவீடனின் மால்மோ அணிக்கு எதிராக நடந்தது. ஆட்டம் அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. மால்மோ பின்வாங்கி நின்று அடைத்துக்கொண்டது. முதல் பாதி முடியும் தறுவாயில் பந்து இடப்பக்கம் ராபர்ட்சனிடம் சென்றது. தம்மை நோக்கி வந்த இருவரை அவர் ஓடித் தாண்டவில்லை; நின்று, உடலைச் சற்று அசைத்து, இருவரின் எடையும் தவறான காலுக்குப் போன கணத்தில் கோட்டருகே நழுவி, இடக்காலால் பந்தைக் கோல்கீப்பரின் தலைக்கு மேலே அனுப்பினார். எதிர்க் கம்பத்தின் அருகே அதை நோக்கி முழு வேகத்தில் ஓடிவந்த டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் வலைக்குள் முட்டிவிட்டு, தம் வேகத்தை அடக்க முடியாமல் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தார். 1-0.

அவ்வாண்டு பிப்ரவரியில் பர்மிங்ஹாமிலிருந்து வாங்கப்பட்ட ஃபிரான்சிஸ், பிரிட்டனில் பத்து லட்சம் பவுண்டு விலைபோன முதல் ஆட்டக்காரர். பதிவு விதிகளின்படி அவர் ஆட முடிந்த முதல் ஐரோப்பிய ஆட்டமே அந்த இறுதியாட்டம்தான். பெரும் விலைக்கு வந்தவர் கோலை அடித்தார், விற்பனைப் பட்டியலில் கிடந்தவர் அதை உருவாக்கினார். அன்று களமிறங்கிய 11 பேரில் ராபர்ட்சன், போயர், விவ் ஆண்டர்சன், டோனி உட்காக் ஆகிய நால்வர் கிளஃப் வருவதற்கு முன்பே அங்கிருந்தவர்கள். நாட்டிங்ஹாமில் பிறந்த ஆண்டர்சன், 1978 நவம்பரில் இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரரானார்.

இரண்டாவது கோப்பை எப்படிக் கிடைத்தது?

1980 மே 28 அன்று மாட்ரிட்டில், கெவின் கீகன் ஆடிய ஹாம்பர்க் அணிக்கு எதிராக. குதிகால் தசைநாண் அறுந்ததால் ஃபிரான்சிஸ் இல்லை; அணியை விட்டு ஸ்டான் போல்ஸ் கோபித்துக்கொண்டு போய்விட்டதால் ஐந்து மாற்று வீரர்களுக்குப் பதில் நால்வரே அமர்ந்திருந்தனர். 20ஆவது நிமிடத்தில் ராபர்ட்சன் பர்ட்டில்சுடன் பந்தைக் கொடுத்து வாங்கி, வலக்காலால் அடித்தது கம்பத்தின் உட்புறத்தில் பட்டு உள்ளே சென்றது. மீதி எழுபது நிமிடமும் ஷில்டனும் பர்ன்சும் லாரி லாயிடும் கோலைக் காத்தனர். தலைவர் ஜான் மெக்கவர்ன் இரண்டாம் முறையாகக் கோப்பையைத் தூக்கினார்.

லீக் பட்டம் ஒன்று, ஐரோப்பியக் கோப்பை இரண்டு. இது அதிர்ஷ்டம்தானே?

தம் நாட்டு லீக்கைவிட ஐரோப்பியக் கோப்பையை அதிகமுறை வென்ற ஒரே கழகம் ஃபாரஸ்ட் என்பது உண்மை. அதைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கோப்பையை வைத்திருந்த லிவர்பூலை முதல் சுற்றிலேயே வெளியேற்றியவர்களை, எளிய பாதை கிடைத்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? 1977 முதல் 1982 வரை ஆறு ஆண்டுகளும் இங்கிலாந்துக் கழகங்களே அக்கோப்பையை வென்றன. அந்த இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு ஈடாக நின்ற அணி இது.

வேறொரு காரணமும் உண்டு. கிளஃபின் அணி எதிராளிக்கு ஏற்றவாறு தன்னை மாற்றிக்கொண்டதில்லை. பந்தைத் தரையில் வைத்து ஆடு, நடுவரிடம் வாதாடாதே, உன் வேலையை மட்டும் செய் என்ற சில கட்டளைகளே அங்கே இருந்தன. எதிரணியைப் பற்றிய நீண்ட விளக்கக் கூட்டங்கள் இல்லை. முக்கிய ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களின் பதற்றத்தைக் குறைப்பதையே கிளஃப் தம் முதல் வேலையாகக் கருதினார். 1979 லீக் கோப்பை இறுதியாட்டத்துக்கு முந்தைய இரவு தூங்கப் போனவர்களையும் அழைத்து உட்காரவைத்து மது அருந்தச் செய்தார் என்பது அதற்கு எல்லை மீறிய உதாரணம். மறுநாள் சவுதாம்டனை 3-2 என வென்றனர். குறைவான ஆட்டங்களில் முடிவு காணும் போட்டிக்கு அத்தகைய அமைதி மிகவும் பொருந்தியது.

அவ்வளவு உயரத்தில் இருந்த அணி ஏன் நிலைக்கவில்லை?

1980 அக்டோபரில் பல்கேரியாவின் சி.எஸ்.கே.ஏ. சோஃபியா முதல் சுற்றிலேயே ஃபாரஸ்டை வெளியேற்றியது. பர்ட்டில்ஸ் விற்கப்பட்டார், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்தனர். அவர்களுக்குப் பதிலாகப் பெருந்தொகைக்கு வந்தவர்கள் சோபிக்கவில்லை. ஐரோப்பிய வெற்றியின் நம்பிக்கையில் எழுப்பிய புதிய பார்வையாளர் அரங்கின் கடனும், நாடெங்கும் குறைந்துவந்த கூட்டமும் கழகத்தை நெருக்கின.

1981இல் பத்து லட்சம் பவுண்டுக்கு வந்த ஜஸ்டின் ஃபஷானுவைக் கிளஃப் நடத்திய விதம் இவ்வரலாற்றின் கறை. அவர் தன்பாலின ஈர்ப்புடையவர் என்று அறிந்ததும் இழிவாகப் பேசினார், பயிற்சியிலிருந்தும் விலக்கினார். கிளஃபின் மேன்மையைப் பேசுகிற எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1982இல் டெய்லர் ஓய்வு பெற்றார். சில மாதங்களில் டார்பியின் மேலாளராகத் திரும்பினார். 1983இல் அவர் கிளஃபிடம் சொல்லாமலே ராபர்ட்சனை டார்பிக்கு அழைத்துக்கொண்டபோது நட்பு முறிந்தது. அதன்பின் கிளஃப் தனியே பத்து ஆண்டுகள் இருந்தார். ஸ்டூவர்ட் பியர்ஸ், டெஸ் வாக்கர், அயர்லாந்தின் கோப் ராம்ப்ளர்சிலிருந்து 47,000 பவுண்டுக்கு வந்த ராய் கீன் ஆகியோரை வளர்த்தார். 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் லீக் கோப்பையை வென்றார். நல்ல அணிகள்தாம். ஆயினும் லீக் பட்டம் மறுபடி வரவில்லை. கிளஃப் இல்லாமல் டெய்லர் எங்கும் பெரிதாக வெல்லவில்லை, டெய்லர் இல்லாமல் கிளஃப் முந்தைய உயரத்தைத் தொடவில்லை.

1984 ஆண்டர்லெக்ட் ஆட்டத்தில் ஊழல் நடந்ததா?

நடந்தது. ஐரோப்பாவின் மற்றொரு கழகப் போட்டியான யூ.இ.எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதியில், பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தை ஃபாரஸ்ட் 2-0 என வென்றது. பிரசல்சில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 3-0 எனத் தோற்றது. ஃபாரஸ்டுக்கு எதிராக ஐயத்துக்குரிய பெனால்டி கொடுக்கப்பட்டது; ஃபாரஸ்ட் அடித்த கோல் ஒன்று காரணம் புரியாமல் மறுக்கப்பட்டது. ஆண்டர்லெக்டின் அன்றைய தலைவர் ஸ்பானிய நடுவருக்குப் பணம் கொடுத்தது 1997இல் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடுவர் கார் விபத்தில் இறந்திருந்தார். ஆடியவர்களுக்கு அந்த இறுதியாட்டத்தை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஹில்ஸ்பரோ துயரத்தில் ஃபாரஸ்டின் தொடர்பு என்ன?

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூலை எதிர்த்து ஆடியது ஃபாரஸ்ட்தான். ஆட்டம் ஆறு நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. எதிர் முனையில் கம்பி வேலிகளுக்கிடையே நெரிசலில் சிக்கியவர்கள் விளம்பரப் பலகைகளில் கிடத்தித் தூக்கி வரப்படுவதை ஃபாரஸ்ட் ஆதரவாளர்கள் நின்ற இடத்திலிருந்தே பார்த்தனர். அந்தக் காட்சியின் காயத்தோடு இன்றும் வாழ்பவர்கள் நாட்டிங்ஹாமில் உள்ளனர். உயிரிழந்தோர் 97 பேர். கிளஃப் பின்னாளில் லிவர்பூல் ஆதரவாளர்களையே குறைகூறியது பெரும் பிழை. அவர்கள்மீது தவறில்லை என்றும், இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும் 2016இல் விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது.

பிரீமியர் லீக்கிலிருந்து எப்படி வீழ்ந்தது?

1992இல் வாக்கர் இத்தாலிக்குச் சென்றார். முதல் பிரிவுக்குப் பதிலாக அவ்வாண்டு தொடங்கிய பிரீமியர் லீக்கின் முதல் வாரத்தில் லிவர்பூலுக்கு எதிராக வெற்றிக் கோலடித்த டெடி ஷெரிங்கம் அம்மாதமே டாட்டன்ஹாமுக்கு விற்கப்பட்டார். கிளஃபைக் குடிப்பழக்கம் உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது; அதைக் கண்டும் எவரும் எதுவும் சொல்லவில்லை. 1993 மே 1 அன்று ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் தோற்று, கடைசி இடத்தோடு தரமிறக்கம் உறுதியானது. அன்று பச்சைச் சட்டையில் நின்ற கிளஃபுக்காக இரு அணிகளின் ஆதரவாளர்களும் குரலெழுப்பினர். 18 ஆண்டுகள் அத்துடன் முடிந்தன.

1979 அணியில் ஆடிய ஃபிராங்க் கிளார்க் மேலாளராக வந்து உடனே அணியை மீட்டு, 1995இல் பிரீமியர் லீக்கில் மூன்றாமிடம் பெறச்செய்தார். ஆனால் ஸ்டான் காலிமோர் 85 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூலுக்கு விற்கப்பட்டார். 1997இல் தரமிறக்கம், 1998இல் ஏற்றம், 1999இல் மீண்டும் தரமிறக்கம். 2005இல் மூன்றாம் நிலைப் பிரிவுக்கே இறங்கியது. ஐரோப்பியக் கோப்பையை வென்ற எந்தக் கழகமும் அதுவரை அவ்வளவு ஆழத்துக்குப் போனதில்லை. தரம் உயர்வதற்கான 2007 பிளே-ஆஃப் அரையிறுதியில் யோவில் டவுன் என்ற சிற்றூர் அணியிடம், முதல் ஆட்டத்தை 2-0 என வென்றிருந்தும், சொந்த மைதானத்தில் 5-2 எனத் தோற்றது. மறு ஆண்டு கடைசி நாளில் அதே யோவிலை 3-2 என வென்றுதான் மேலே ஏறியது.

2022இல் திரும்பியது எப்படி?

2012 முதல் குவைத்தின் அல் ஹசாவி குடும்பத்திடம் இருந்த கழகம், 2017 மே மாதம் கிரேக்கக் கப்பல் தொழிலதிபர் எவாங்கெலோஸ் மரினாகிசிடம் கைமாறியது. அதே மாதம், கோல் வித்தியாசத்தில்தான் மூன்றாம் நிலைக்கு இறங்காமல் தப்பியது. 2021 செப்டம்பரில், முதல் எட்டு ஆட்டங்களில் நான்கே புள்ளிகள் பெற்று அட்டவணையின் அடியில் கிடந்தபோது ஸ்டீவ் கூப்பர் மேலாளரானார். அவர் வெளியார் எவரையும் அவசரமாக அழைத்துவரவில்லை. இருப்பவர்களை நம்பி ஆட விட்டார். அவ்வணி நான்காமிடம் வந்தது. பிளே-ஆஃப் அரையிறுதியில் கோல்கீப்பர் பிரைஸ் சம்பா மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். 2022 மே 29 அன்று வெம்ப்ளியில் ஹடர்ஸ்ஃபீல்டு ஆட்டக்காரர் ஒருவரின் காலில் பட்டு விழுந்த சேம் சைடு கோல், 23 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது.

2024இல் நான்கு புள்ளிகள் ஏன் குறைக்கப்பட்டன?

தரம் உயர்ந்ததும் ஒரே கோடையில் 20க்கும் மேற்பட்டவர்களை வாங்கியதால் செலவு எகிறியது. பிரீமியர் லீக்கின் நிதி விதிப்படி மூன்று ஆண்டுகளில் 6 கோடியே 10 லட்சம் பவுண்டுவரை இழப்பு அனுமதிக்கப்பட்டிருக்க, அதை 3 கோடியே 45 லட்சம் பவுண்டு மீறியது. முன்கள ஆட்டக்காரர் பிரெனன் ஜான்சனைக் கணக்கு முடியும் ஜூன் 30க்குள் விற்றிருந்தால் மீறல் குறைந்திருக்கும். செப்டம்பர் வரை காத்திருந்து கூடுதல் விலை பெற்றோம் என்பது கழகத்தின் வாதம். விதி விதிதான் என்று கூறிய ஆணையம், ஒத்துழைப்புக்காகத் தண்டனையை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தது. 17ஆவது இடத்தில் ஃபாரஸ்ட் தப்பியது.

அதன்பின் என்ன ஆனது?

அடுத்த பருவத்தில் மேலாளர் நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ அணியை 7ஆம் இடத்துக்குக் கொண்டுசென்றார். 1969க்குப் பிறகு முதன்முறையாக ஆன்ஃபீல்டில் வெற்றி, கிறிஸ் வுட் அடித்த 20 லீக் கோல்கள், எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பியப் போட்டி என்று ஆதரவாளர்கள் மறக்கவே முடியாத ஆண்டு அது. எனினும் 2025 செப்டம்பரில் நூனோ நீக்கப்பட்டார்; அவருக்குப் பின் வந்த ஆஞ்சே போஸ்டெகோக்லு எட்டு ஆட்டங்களில் வெற்றியே காணாமல் நாற்பது நாள்களுக்குள் நீக்கப்பட்டார். பொறுமையின்மை இக்கழகத்துக்குச் செய்த தீங்கை 1999க்குப் பிந்தைய ஆண்டுகளில் மேலாளர்கள் மாறி மாறி வந்ததைக் கண்டவர்கள் அறிவர்.

நாட்டிங்ஹாமுக்குச் சென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

நகரின் பழைய சந்தைச் சதுக்கத்துக்கு அருகே, இரு கைகளையும் தலைக்கு மேலே கோத்து உயர்த்தி நிற்கும் கிளஃபின் வெண்கலச் சிலை உள்ளது. அங்கிருந்து தெற்கே நடந்து டிரென்ட் பாலத்தைக் கடந்தால் இடப்புறம் ஆற்றோரமாகச் சிட்டி கிரவுண்ட் தெரியும். ஏறத்தாழ 30,000 பேர் அமரும் அம்மைதானத்தில், ஐரோப்பிய வெற்றிக்குப் பின் எழுப்பிய அரங்குக்குப் பிரையன் கிளஃப் பெயரும், பழைய முதன்மை அரங்குக்கு 2015இல் பீட்டர் டெய்லர் பெயரும் சூட்டப்பட்டன. 1983இல் முறிந்த பேச்சு டெய்லர் 1990 அக்டோபரில் இறக்கும்வரை தொடரவே இல்லை. இறுதிச் சடங்குக்குத்தான் கிளஃப் சென்றார். அவர்களின் பெயர் தாங்கிய இரண்டு அரங்குகளும் புல்தரையின் இருபுறமும் நேருக்கு நேர் பார்த்து நிற்கின்றன.